வாசகர் கேள்வி பதில்: ஒரு சோடி நல்ல சப்பாத்து

போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: கோட்டுக்கு வைத்திருக்கிற காசில் பாதியைச் சப்பாத்துக்கு ஒதுக்குங்கள் என்று. அதற்கு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. "மழையும் சேறுமாக இருக்கிற ஊரில் தோல் சப்பாத்து எதற்கு?" என்று கோபப்பட்டவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் இடமில்லை, ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

ஹட்டன்: ஆவணியில் எனக்குக் கல்யாணம். வரவேற்புக்குக் கறுப்புக் கோட் சூட் தைத்தாயிற்று. கடையில் ஒக்ஸ்போர்ட், டெர்பி என்று இரண்டு வகை காட்டி, இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள். எதை வாங்குவது ஐயா?

முதலில் வாழ்த்துகள் தம்பி. இரண்டும் ஒன்றல்ல. பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேஸ் கட்டுகிற இடத்தைப் பாருங்கள். லேஸ் ஓட்டை இருக்கிற இரண்டு பக்கத் தோலும் முன்தோலுக்கு அடியில் போய்த் தைக்கப்பட்டிருந்தால் அது ஒக்ஸ்போர்ட்; இறுக்கிக் கட்டினால் கதவு சாத்தின மாதிரி இரண்டும் சேர்ந்துவிடும். அதே தோல் முன்தோலுக்கு மேலே உட்கார்ந்து, லேஸை அவிழ்த்ததும் இரண்டு பக்கமும் விரிந்து கொடுத்தால் அது டெர்பி. கறுப்புக் கோட் சூட்டுக்கு மரபு ஒக்ஸ்போர்ட்தான். விரல் பக்கம் குறுக்கே ஒரே ஒரு தையல் வரி, வேறு அலங்காரம் எதுவும் இல்லை, அப்படி ஒரு சோடி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

ஆனால் உங்கள் காலைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மனம் வரவில்லை. நம் தோட்டங்களில் சின்ன வயதில் வெறுங்காலோடு ஏறி இறங்கி வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் அகலமாக இருக்கும், சிலருக்கு மேல்பாதமும் உயரம். அப்படிப்பட்ட காலை ஒக்ஸ்போர்ட்டுக்குள் திணித்தால் லேஸ் பக்கம் சேராமல் பிளந்து நிற்கும், நடக்கும்போது வலி முகத்தில் தெரியும். அப்போது டெர்பிதான் சரி, படத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பின்னேரமாகக் கடைக்குப் போங்கள், அந்த நேரத்தில்தான் கால் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். கல்யாணத்தன்று போடப்போகிற காலுறையையே போட்டுக்கொண்டு பாருங்கள். இன்னொன்று, மணவறையில் சப்பாத்து கிடையாது, பெரியவர்கள் காலில் விழுகிறபோதும் கிடையாது, அன்றைக்கு நாலைந்து தடவை கழற்றிப் போட வேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் லேஸை அவிழ்த்துக் கழற்றுங்கள். அவசரத்தில் ஒரு காலால் மற்றக் காலின் குதியை மிதித்துக் கழற்றுகிற பழக்கம்தான் புதுச் சப்பாத்தின் பின்பக்கத்தை ஒரே நாளில் கெடுக்கிறது.

தலவாக்கலை: ஒரே கறுப்பு, ஒரே வடிவம். ஆனால் ஒரு சோடி மற்றதைவிடப் பத்து மடங்கு விலை. தோல் தோல்தானே? பெயருக்குத்தான் இந்த விலையா?

பெயருக்கும் கொஞ்சம் போகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மீதி எங்கே போகிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

என் அப்பா தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போன பழுப்புச் சோடி ஒன்று அப்பாவிடம் வந்து சேர்ந்தது. உள்ளே தங்க எழுத்தில் நோர்தம்டன் என்று ஊர்ப்பெயர் மட்டும் பாதி அழிந்து தெரியும், இங்கிலாந்தில் சப்பாத்துத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. அளவு கொஞ்சம் பெரிசு, முன்னால் பஞ்சு வைத்துத்தான் அப்பா போடுவார், அதுவும் பாடசாலைப் பரிசளிப்பு, கல்யாணம், கொழும்பில் தலைமை ஆபீஸுக்குப் போகிற நாள் என்று வருஷத்துக்கு நாலைந்து தடவை. எனக்குப் பதினாலு வயது இருக்கும்போது சோல் ஓட்டையாகி, அதைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஓரத்துத் தையலை ஒவ்வொன்றாக வெட்டினார், சோல் அப்படியே தட்டுப் போலக் கழன்று வந்தது, மேல்தோலில் ஒரு கீறல் இல்லை. என்னைக் கூப்பிட்டு உள்ளே காட்டினார். தக்கைத் தூள் பூசியிருந்த இடத்தில் ஒரு கால் அச்சு அச்சாகப் பதிந்திருந்தது, துரையுடையதும் அப்பாவுடையதும் சேர்ந்து. "இதைத் தைத்தவன் தொழில்காரன் தம்பி, பின்னால் ஒருத்தன் திறப்பான் என்று தெரிந்து வழி வைத்துத் தைத்திருக்கிறான்" என்றார். அந்தச் சோடிக்கு மூன்று தடவை சோல் மாற்றினோம்.

அவர் காட்டிய அந்த வழிக்குப் பெயர் வெல்ட். மேல்தோல், உள்தோல், கால் படுகிற அடித்தட்டு மூன்றையும் ஒரு நீளமான தோல் வாரோடு சுற்றித் தைப்பார்கள், அதுதான் வெல்ட். பிறகு அந்த வாரோடு சோலைத் தனியாக இன்னொரு தையல் போட்டுத் தைப்பார்கள். நடுவில் வருகிற பள்ளத்தைத் தக்கையால் நிரப்புவார்கள், அது நாளாக நாளாக உங்கள் காலுக்கு ஏற்றபடி அமுங்கும். சோல் தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் வெட்டி மாற்றலாம். கையால் மட்டுமே செய்துவந்த இந்த வேலைக்கு 1870-களில் அமெரிக்காவில் இயந்திரம் வந்தது, அதைக் கொண்டுவந்தவர் சார்ல்ஸ் குட்இயர் இளையவர். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியை 1839-ல் கண்டுபிடித்தாரே சார்ல்ஸ் குட்இயர், அவருடைய மகன். டயரில் நாம் பார்க்கிற பெயர் அப்பாவின் நினைவாக வைத்தது, சப்பாத்துத் தையலில் இருக்கிற பெயர் மகனுடையது. அதற்கு முன்பே, 1858-ல், லைமன் பிளேக் என்பவர் சோலை உள்பக்கத்திலிருந்து நேராகத் தைக்கிற இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அந்தத் தையலில் சப்பாத்து மெல்லிசாக, இலேசாக, பார்க்க மிக அழகாக வரும். ஆனால் தையல் காலுக்கு நேர் கீழே ஓடுவதால் தண்ணீர் சீக்கிரம் உள்ளே ஏறும், நம் மழைக்கு எனக்கு அது பிடிப்பதில்லை.

விலை குறைந்ததில் தையலே கிடையாது, பசைதான். அது குற்றமில்லை, ஆனால் சோலின் ஓரத்தில் தைத்த மாதிரி ரப்பரிலேயே அச்சுக் குத்தி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்: சப்பாத்தைக் கவிழ்த்து, மேலே தெரிகிற தையல் கீழேயும் வந்திருக்கிறதா, அல்லது கீழே ஒரு பள்ளக் கோடு வெட்டி அதற்குள் மறைந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

அப்புறம் தோல். நல்ல சோடிக்குக் கன்றுத் தோலின் மேல்முகத்தை உரசாமல், சாயப்பூச்சால் மூடாமல் அப்படியே எடுப்பார்கள். தோல் வெட்டுகிறவருக்கு நோர்தம்டனில் கிளிக்கர் என்று பெயர், கத்தி தோலை விட்டு வெளியே வரும்போது எழுகிற சத்தத்தை வைத்து வந்த பெயர் அது. ஒரு தோல் முழுக்க ஒரே தரமில்லை, முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தொளதொளப்பு. இறுக்கமான இடத்தை முன்பக்கத்துக்கு எடுத்து, இடக்காலுக்கும் வலக்காலுக்கும் அடுத்தடுத்த இடத்திலேயே வெட்டினால்தான் இரண்டும் ஒரே மாதிரி மினுங்கும், ஒரே மாதிரி வயதாகும். கடையில் பெருவிரலால் முன்தோலை மெதுவாக அழுத்துங்கள். கையின் பின்பக்கத் தோல் மாதிரி மெல்லிய சுருக்கங்கள் விழுந்து மறைந்தால் நல்ல தோல். பிளாஸ்டிக் பை மாதிரித் தடித்த மடிப்பு விழுந்தால் மேலே பூச்சுத்தான் இருக்கிறது, ஒரு வருஷத்தில் அந்த மடிப்பிலேயே வெடிக்கும்.

கடைசியாக வடிவம். சப்பாத்து ஒரு மர அச்சின் மேல் இழுத்து ஏற்றப்பட்டுத்தான் பிறக்கிறது. நல்ல அச்சு நடுப்பாதத்தில் உள்ளே ஒடுங்கும், குதியைக் கிண்ணம் மாதிரிப் பிடிக்கும், இடதும் வலதும் உண்மையான பாதத்தின் வளைவோடு இருக்கும். தோல் அந்த அச்சின் மேல் நாள்கணக்கில் இருந்து வடிவம் பிடிக்க வேண்டும், விலை குறைந்த சோடிக்கு அவ்வளவு நேரம் யாரும் கொடுப்பதில்லை. சோடியை மேசையில் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று, பின்பக்கத்திலிருந்து பாருங்கள். நான் எப்போதும் அங்கிருந்துதான் பார்க்கத் தொடங்குவேன், முன்பக்கத்தை யாரும் மினுக்கிவிடலாம், குதியின் அந்த வளைவை மினுக்கி வரவழைக்க முடியாது.

உங்களிடம் பத்து மடங்கு காசு இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். மூன்று மலிவான சோடி வாங்குகிற காசைச் சேர்த்து, வெல்ட் தையலோடு நல்ல தோலில் ஒன்று வாங்குங்கள், பழசாக இருந்தாலும் பரவாயில்லை. அப்பாவுடையதும் பழசுதான்.

பதுளை: சில சப்பாத்துகளில் பூ மாதிரி ஓட்டை ஓட்டையாகக் குத்தியிருக்கிறார்களே, அது ஏன்? ஆபீஸுக்குப் போடலாமா?

அதற்கு ப்ரோக் என்று பெயர். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் சதுப்பு நிலத்தில் நடந்த நாட்டுப்புறத்தார் போட்டதிலிருந்து வந்தது, உள்ளே போன தண்ணீர் வடிவதற்காகத் துளை போட்டார்கள் என்று சொல்வது வழக்கம். இன்றைக்கு இருக்கிற துளைகள் உள்தோல் வரைக்கும் போவதில்லை, அழகுக்கு மட்டும்தான். ஆபீஸுக்குத் தாராளமாகப் போடலாம், பழுப்பு நிறம் என்றால் இன்னும் நன்றாக இருக்கும். துக்க வீட்டுக்கும் இரவு விருந்துக்கும் துளையில்லாத கறுப்பு.

நுவரெலியா: அலுமாரியில் வைத்த தோல் சப்பாத்தில் மாதத்துக்கு ஒரு தடவை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. நனைந்து வந்தால் அடுப்படியில் வைத்துக் காய வைக்கிறோம். இப்போது முன்பக்கம் வெடித்துவிட்டது.

வெடித்ததற்குக் காரணம் மழையில்லை, அடுப்பு. காய்ந்த தோல் ஓரளவு சூடு தாங்கும், நனைந்த தோல் தாங்காது, கொஞ்சச் சூட்டிலேயே அதன் நார் சுருங்கி இறுகிவிடும், பிறகு எந்தக் கிறீமும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆறாயிரம் அடிக்கு மேலே, வருஷத்தில் பாதி நாள் மூட்டத்துக்குள் இருக்கிற உங்கள் ஊரில் வீட்டிலேயே சூடான ஒரே இடம் அடுப்படிதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வேண்டாம். நனைந்து வந்ததும் சேற்றைத் துடைத்து, உள்ளே பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணியுங்கள், ஒரு மணி நேரத்தில் தாள் ஈரமாகிவிடும், மாற்றுங்கள், படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை மாற்றுங்கள். சோலுக்கும் காற்றுப் பட வேண்டும் என்பதால் சப்பாத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். இரண்டு நாள் ஆகும், ஆகட்டும்.

பூஞ்சணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள், தூள் பறந்து மற்ற உடுப்பிலும் போய் உட்காரும். வெளியே கொண்டுபோய், வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, நிழலில் காயவிட்டு, பிறகு கிறீம் போடுங்கள். அலுமாரிக்குள்ளே பொலித்தீன் பையில் கட்டி வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் எல்லாம் இருக்கிறது, பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. பழைய வேட்டித் துணியில் பை தைத்து வையுங்கள். உள்ளே வைக்க செடார் மரத்தில் செய்த அச்சு விற்கிறார்கள், ஈரத்தையும் இழுக்கும், வடிவத்தையும் காக்கும், வாங்க முடிந்தால் சப்பாத்துக்கு அடுத்தபடியாக நான் காசு கொடுக்கச் சொல்வது அதற்குத்தான். ஒரே சோடியை இரண்டு நாள் தொடர்ந்து போடாதீர்கள், கால் வியர்வை காய ஒரு நாளாவது வேண்டும்.

பொலிஷ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பஞ்சு வைத்த போத்தலில் வருகிற திரவப் பொலிஷ் அவசரத்துக்கு மினுங்கும், ஆனால் தோல் மேல் ஒரு படலமாக உட்கார்ந்துவிடும். தகரத்தில் வருகிற மெழுகுப் பொலிஷ்தான் நல்லது. விரலில் துணியைச் சுற்றி, தொட்டும் தொடாமலும் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரோடு சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தால் முகம் பார்க்கிற மினுக்கம் வரும். விரல் முனையிலும் குதியிலும் மட்டும் அப்படிச் செய்யுங்கள், மடிகிற இடத்தில் மெழுகு தடித்தால் உதிர்ந்து போகும்.

பண்டாரவளை: நேர்முகப் பரீட்சைக்கென்று நாலு வருஷம் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த சப்பாத்து. போட்டுக்கொண்டு பத்து அடி நடந்ததும் சோல் கேக் மாதிரி உதிர்ந்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றவில்லை தம்பி, அது பொலியூரத்தேன் சோல். இலேசாக, மெத்தென்று இருக்கும், போட்டுப் பார்க்கும்போது யாருக்கும் பிடிக்கும். ஆனால் காற்றில் இருக்கிற ஈரமே அதன் இரசாயனக் கட்டை மெல்ல மெல்லப் பிரித்துவிடும், பெட்டிக்குள் கிடந்தாலும் அது நடந்துகொண்டுதான் இருக்கும். ஈரமான இடத்தில் இன்னும் சீக்கிரம். அந்த வகையை வாங்கினால் சேமித்து வைக்காதீர்கள், போட்டுத் தீர்த்துவிடுங்கள். மேல்தோல் நன்றாக இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம், சப்பாத்து தைக்கிறவர்கள் சிலர் பழைய சோலைச் சுரண்டிவிட்டு ரப்பர் சோல் ஒட்டித் தருவார்கள். நேர்முகத்துக்குப் போன அன்று காலையில் என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அடுத்த தடவைக்கு முதல் நாளே போட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள்.

மஸ்கெலியா: தோல் சோல்தான் உசத்தி என்கிறார்கள். எங்கள் லயத்துப் படியில் மழை நேரம் அதைப் போட்டு இறங்கினால் விழுந்துதான் எழும்ப வேண்டும்.

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஓக் மரப்பட்டைச் சாற்றில் ஏறத்தாழ ஒரு வருஷம் ஊறிய சோல் தோலை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், மரப்பலகை மாதிரி இறுகி, வாசமே தனி. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலுக்கும் அப்படி ஒரு வாசம் உண்டு. ஆனால் அதெல்லாம் கம்பளம் விரித்த மண்டபத்துக்கு. பாசி பிடித்த கருங்கல் படிக்கு ரப்பர்தான் வேண்டும், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, இங்கிலாந்திலேயே நல்ல சோடிகளுக்குச் சின்னச் சின்னக் குமிழ் வைத்த மெல்லிய ரப்பர் சோல் போடுகிறார்கள், பக்கத்திலிருந்து பார்த்தால் தோல் மாதிரியே தெரியும்.

ரப்பரை நாம் அந்நியமாக நினைக்கவும் வேண்டாம். 1876-ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகளை கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள், அதற்குப் பிறகு கேகாலை, களுத்துறை, இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியதிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். வெளிறிய மஞ்சளில், தேன்கூடு மாதிரிச் சுருக்கம் விழுந்த கிரேப் சோல் பார்த்திருப்பீர்கள், அந்தச் சோல் கிரேப்புக்கு இலங்கை உலகச் சந்தையில் பெயர் எடுத்த நாடு. மழைப் படிக்கு அதுவும் சரிவராது, ஈரத்தில் வழுக்கும், ஊத்தையும் பிடிக்கும். உங்களிடம் தோல் சோல் சோடி இருந்தால் முன்பாதிக்கு மட்டும் மெல்லிய ரப்பர் ஒட்டச் சொல்லுங்கள், விழவும் மாட்டீர்கள், சோலும் தேயாது.

கண்டி: என் அப்பா முப்பது வருஷமாக டவுனில் நடைபாதை ஓரம் உட்கார்ந்து சப்பாத்து தைக்கிறார். அந்தக் காசில்தான் நான் கம்பஸுக்கு வந்தேன். அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் "பிஸ்னஸ்" என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் உங்கள் பத்தியைப் படித்ததிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தங்கச்சி, இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தோலைத் தொடுகிற கையைத் தள்ளி உட்கார வைத்தது நம் சமூகம், அந்தக் கை தைத்ததைக் காலில் போட்டுக்கொண்டே அதைச் செய்தது. அந்த வெட்கத்தை உண்டாக்கியது நீங்களும் இல்லை, உங்கள் அப்பாவும் இல்லை.

நோர்தம்டன் ஊரைப் பற்றி மேலே சொன்னேன், இன்னொன்றையும் சொல்கிறேன். அந்த ஊரின் உதைபந்தாட்டக் கழகம் 1897-ல் தொடங்கியது, அதற்கு ஊரார் வைத்த செல்லப்பெயர் கொப்லர்ஸ், அதாவது சப்பாத்து தைக்கிறவர்கள். மைதானம் நிறைய ஆட்கள் அந்தப் பெயரைத்தான் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறார்கள். கண்டியில் நீங்கள் தினமும் கடந்து போகிற பாட்டா பெயர்ப்பலகை இருக்கிறதே, அதுவும் பரம்பரையாகச் சப்பாத்து தைத்த ஒரு குடும்பத்தின் பெயர்தான், 1894-ல், இன்றைய செக் நாட்டில் இருக்கிற ஸ்லீன் என்ற சின்ன ஊரில் தொடங்கினார்கள். சப்பாத்து என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்து, நம் வாயிலும் சிங்களவர் வாயிலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டது.

அப்புறம் வேலையைப் பாருங்கள். பெரிய பட்டறைகளில் அச்சு செதுக்க ஒருவர், தோல் வெட்ட ஒருவர், மேல்தோல் தைக்க ஒருவர், சோல் ஏற்ற ஒருவர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றையும் கற்க வருஷக்கணக்காகும். அவர்களுக்குப் புதுத் தோல் கிடைக்கிறது, எல்லாம் அளவாக வருகிறது. உங்கள் அப்பாவிடம் வருவது யாரோ முன்பின் தெரியாத ஒருவர் தைத்து, இன்னொருவர் மிதித்து, நனைந்து, வாய் பிளந்த சோடி. எந்தத் தையல் எந்தப் பக்கம் போயிருக்கிறது, எதை வெட்டினால் எது கழன்று வரும் என்று தொட்டுப் பார்த்தே அவர் கண்டுபிடிக்க வேண்டும், பழைய துளையிலேயே ஊசியை இறக்க வேண்டும், புதுத் துளை போட்டால் தோல் கிழியும். பஸ் நிலையத்துப் பெரியவர் எனக்குத் திறந்து காட்டினாரே, அன்றைக்கு அவர் காட்டாமல் இருந்திருந்தால் இந்தப் பத்தியில் நான் எழுதிய பாதி எனக்குத் தெரிந்திருக்காது. அவர் பெயரைக் கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மழைக்காலத்தில் நூல் அழுகாமல் இருக்க அப்பா எந்த மெழுகைப் பூசுகிறார், அதோடு வேறு என்ன கலக்கிறார், வாய் பிளந்த சோடியைப் பார்த்ததும் முதலில் எங்கே கை வைக்கிறார் என்று அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். அவர் சம்மதித்தால் அடுத்த இதழில் அவர் பெயரோடு போடுகிறேன்.